உன் பக்கத்தில் படம் பார்த்தது நான்தான்

மியூனிசிங், மிச்சிகன்
மார்ச் 9, ஞாயிறு

என் அன்பு மகள் கைசாவுக்கு,

அப்பா எழுதுவது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நீ வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் அம்மாவும் சுகம்தான். இதய டாக்டர் போன வாரம் பார்த்துவிட்டு, இனி ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். மாத்திரைகளை விடாமல் போடுகிறேன், சந்தேகமாக இருந்தால் அம்மாவைக் கேள். பனி இன்னும் சமையலறை ஜன்னல் மட்டத்துக்கு நிற்கிறது. தேவாலயத்தில் தவக்கால விற்பனைக்காக அம்மாவும் மற்றப் பெண்களும் முந்நூறு பேஸ்டி சுட்டார்கள், மாவுக்குள் இறைச்சியையும் கிழங்கையும் வைத்து ஓரம் மடித்து மடித்து அவள் கட்டைவிரல் வீங்கிப் போயிருக்கிறது. போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் எனக்கு வானிலைக்கு மேல் பேச வருவதில்லை, உனக்கே தெரியும். அங்கே வெயிலா என்பேன், ஆமாம் என்பாய், இங்கே பனி என்பேன், அப்புறம் அம்மாகிட்ட குடுங்க என்பாய். நான் சொல்ல வேண்டியது அந்த இரண்டு நிமிடத்தில் அடங்காது. இதையும் மூன்று தரம் தொடங்கிக் கிழித்துப் போட்டேன். நடுவில் எழுந்து போய், ஏற்கெனவே தள்ளி முடித்த வாசல் பனியை இன்னொரு தரம் தள்ளிவிட்டு வந்தேன். என்னவோ உட்கார முடியவில்லை கண்ணு, கொஞ்ச நாளாகவே உட்கார முடியவில்லை.

நவம்பர் புயலில் கேபிள் அறுந்தது உனக்குத் தெரியும். டெலிபோன் வழியாக வருவதால் இன்டர்நெட் மட்டும் தப்பித்தது. கேபிள்காரர்களுக்குப் போன் செய்தால் ஒவ்வொரு வாரமும் ஒரு புதுக் குரல் எடுத்து, நாளைக்கு ஆள் வரும் என்றது. மூன்றாவது வாரம் அம்மா போனை வைத்துவிட்டு, "இவங்க வரவும் வேணாம், அந்தக் கம்பியும் வேணாம், விட்டுத் தொலைங்க" என்றாள். உன் பார்சல் சரியாக அப்போதுதான் வந்தது. இன்டர்நெட் வழியாக டிவியில் படம் காட்டும் அந்தக் குச்சியைக் கையில் வாங்கியதும் ரிமோட்டில் போடும் ஏதோ பேட்டரி என்று நினைத்தேன். இதற்குள் எப்படி அத்தனையும் இருக்கும் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அம்மாதான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிவியின் முதுகில் அதைச் செருகி, நீ எழுதி அனுப்பிய கடவுச்சொல்லை ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினாள். முதல் தரம் தப்பு, இரண்டாம் தரம் தப்பு, மூன்றாம் தரம் கதவு திறந்தது. பழைய கேபிள் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க மார்க்வெட் வரை ஓட்டிக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த பெண் ஏன் விட்டுப் போகிறீர்கள் என்று நாலு விதமாகக் கேட்டாள், நாலாவது தரம் "எம்பொண்ணு சொல்லிட்டா" என்றேன், ரசீதை எடுத்து நீட்டினாள். பக்கத்து வீட்டு வெர்ன் இருக்கிறானே, அவன் சும்மா இருப்பானா. வாசலில் நின்று, "என்னடா ஆர்விட், பல் குத்துற குச்சி மாதிரி ஒண்ண நம்பி கேபிளையே வெட்டிட்டியாமே? நாளைக்கு ஹாக்கி மேட்ச்சுக்கு எங்கடா போவே?" என்றான். மேட்ச் பார்க்க நான் அவன் வீட்டுக்குத்தான் போனேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அவன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அம்மாவுக்கு அந்தக் குச்சி நன்றாகவே ஒத்துப் போய்விட்டது. துருக்கித் தொடர் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள், கீழே ஓடும் எழுத்தைப் படித்துப் படித்து அழுகிறாள். எனக்குத்தான் ஒத்துவரவில்லை. கைசா, முப்பத்தொரு வருஷம் இந்தக் கவுண்டிச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டினவன் நான். ஐந்து மணிச் செய்தி, ஆறு மணிக்கு வானிலை, அப்புறம் அந்த வினாடி வினா, அது முடிந்தால் சாப்பாடு. வேலையை விட்ட பிறகும் டிவிதான் எனக்கு வேளை சொன்னது. இப்போது அது ஒன்றும் சொல்வதில்லை, நீயே எடுத்துக்கொள் என்று சும்மா நிற்கிறது. வரிசை வரிசையாகப் படங்கள், மேலே போனாலும் படம், பக்கவாட்டில் போனாலும் படம். ஒரு நாள் முக்கால் மணி நேரம் ரிமோட்டை அழுத்திக்கொண்டே இருந்துவிட்டு ஒன்றையும் பார்க்காமல் எழுந்துவிட்டேன். அம்மா, "கடைக்குப் போய் எல்லாத்தையும் தொட்டுப் பாத்துட்டு வெறுங்கையோட வர்ற ஆளு நீங்க" என்றாள். வானிலைக்காக ஒரு ஆன்டெனா வாங்கி ஜன்னலில் ஒட்டினேன், நடுவில் மலை இருப்பதால் ஒரு சேனல் மட்டும் வருகிறது, அதிலும் செய்தி வாசிப்பவரின் தலை ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் நிற்கிறது.

இனி சொல்வதுதான் சொல்ல வந்தது. குச்சியைப் போட்டதும் முதலில், யார் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டு வட்ட வட்டமாக மூன்று முகங்களைக் காட்டும். ஒன்றில் உன் பெயர், ஒன்றில் மாப்பிள்ளை ரோரி, மூன்றாவதில் அம்மா அப்பா. டிசம்பரில் ஒரு நாள் காலை காப்பியோடு உட்கார்ந்து, கை தவறி உன் முகத்தை அழுத்திவிட்டேன். முதல் தரம் உண்மையிலேயே கை தவறியதுதான். நீ பாதி பார்த்து வைத்திருந்ததெல்லாம் வரிசையாக வந்து நின்றது, ஒவ்வொன்றின் அடியிலும் எவ்வளவு தூரம் பார்த்தாய் என்று ஒரு சிவப்புக் கோடு. ரொட்டி சுடும் போட்டி ஒன்று, தீவில் கலங்கரை விளக்கத்தைக் காக்கும் ஒரு குடும்பத்தின் தொடர் ஒன்று. நீ ரொட்டிப் போட்டி பார்ப்பாய் என்று எனக்கு இத்தனை நாளும் தெரியாது. மறுநாள் காலை வேண்டுமென்றேதான் அழுத்தினேன். கோடு நகர்ந்திருந்தது. நாங்கள் படுத்திருந்த நேரத்தில் அங்கே உனக்குச் சாயங்காலம், வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறாய், சாப்பிட்டிருக்கிறாய், கால் நீட்டி உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பார்த்திருக்கிறாய். எனக்கு அது போதுமாக இருந்தது. மாத்திரைக்கு முன்னால் அதைப் பார்த்துவிடுவேன். அம்மா ஒரு நாள் பின்னால் வந்து நின்று, "ஆர்விட், அதை மூடுங்க. அவ டைரிய எடுத்துப் படிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். கோடுதானே பெர்னிஸ், எழுத்தா இருக்கு என்றேன். ஆனாலும் அதற்குப் பிறகு அவள் குளிக்கப் போகும் நேரமாகப் பார்த்துத்தான் அழுத்தினேன், அதனால் தப்பு என்று எனக்கும் தெரிந்துதான் செய்திருக்கிறேன்.

ஜனவரி இரண்டாம் வாரம் ரோரியின் முகம் இல்லை. மூன்று வட்டம் இருந்த இடத்தில் இரண்டு. குச்சி கெட்டுப்போய்விட்டது என்று கழற்றித் துடைத்து மறுபடி செருகினேன், அப்போதும் இரண்டுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது மாப்பிள்ளை எப்படி இருக்கார் என்று கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "நல்லாருக்கார்பா, வேலையா வெளிய போயிருக்கார், எல்லாம் நல்லாருக்கு" என்றாய். ரொம்ப வேகமாகச் சொன்னாய். அப்புறம் கோடு வேறு மாதிரி நகர ஆரம்பித்தது. காலையில் பார்த்தால் அப்படியே இருக்கும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தால் ஓடியிருக்கும். இங்கே மூன்று மணி என்றால் நியூசிலாந்தில், உன் டனீடனில், மறுநாள் காலை ஒன்பது, வேலை நாள். ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் இருக்க வேண்டிய நேரத்தில் நீ ஏன் வீட்டில் டிவி பார்க்கிறாய்? வேலை போய்விட்டதா, உடம்புக்கு முடியவில்லையா, ஒன்றும் புரியவில்லை. பிப்ரவரி முதல் வாரம் அந்தக் கலங்கரை விளக்கத் தொடரில் பதினொன்றாவது நிமிடத்தில் கோடு நின்றது. நின்றது நின்றதுதான். நான் நாளெண்ண ஆரம்பித்தேன், பத்தொன்பது நாள். நடுவில் நீ போன் செய்தாய், குரல் கேட்டது, உயிரோடு இருக்கிறாய் என்று தெரிகிறது, ஆனாலும் அந்தப் பதினொன்றைப் பார்த்துவிட்டால் வீட்டில் இருப்புக் கொள்ளாது. வண்டியை எடுத்துக்கொண்டு ஏரிக்கரை வரை போவேன், இறங்காமலே திரும்பி வருவேன். கராஜில் இருந்த ஆணிகளை அளவு வாரியாகப் பிரித்தேன், மறுநாள் மறுபடி கலந்து பிரித்தேன்.

இருபதாவது நாள் அம்மா தேவாலயத்துக்குப் போயிருந்தாள். நான் உன் முகத்தை அழுத்தி, அந்தப் பதினொன்றிலிருந்து மீதியைப் பார்க்க ஆரம்பித்தேன். ஏன் என்று கேட்காதே. நின்று போன எதையாவது தள்ளிவிட வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான். அதை முடித்து அடுத்ததையும் பார்த்தேன். கதை ஒன்றும் பிடிபடவில்லை, அந்த அம்மாள் ஏன் படகை எரிக்கிறாள் என்று இன்னும் எனக்குத் தெரியாது. மறுநாள் மதியம் பார்த்தால் கோடு பழையபடி பதினொன்றில் வந்து நிற்கிறது. நீ வந்திருக்கிறாய், யாரோ பார்த்திருப்பதைக் கண்டு பின்னால் இழுத்து வைத்திருக்கிறாய்! கைசா, எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி சந்தோஷம். சமையலறைக்குப் போய் இரண்டு பேஸ்டி சாப்பிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ, "அப்பா, என் பக்கத்துல யாரோ படம் பாக்குறாங்க, நீங்களா?" என்று கேட்டாய். நான், "இல்லையேமா, நான் அதைத் தொடுறதே இல்ல, அம்மாவா இருக்கும்" என்றேன். பெற்ற பெண்ணிடம் சொன்ன பொய். நீ சரிப்பா என்றாய். போனை வைத்த பிறகு என்னால் தலை நிமிர முடியவில்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் மேஜையில் மாவை மடித்துக்கொண்டிருந்தாள். பெர்னிஸ், நம்ம பொண்ணு வீட்டுல ஏதோ சரியில்ல, ரோரி முகம் ஜனவரியிலிருந்து இல்ல என்றேன். அவள் நிமிரவில்லை, கையும் நிற்கவில்லை. "தெரியும்" என்றாள். என்ன தெரியும் என்றேன். ரோரி புது வருஷம் முடிந்து நாலாம் நாளே உன்னை விட்டுப் போய்விட்டதும், சாயங்காலம் காலி வீட்டுக்குத் திரும்புவது தாங்காமல் நீ மாலை ஷிப்டு கேட்டு வாங்கிக்கொண்டதும், பிப்ரவரியில் அவன் ஒரு நண்பனோடு வந்து, டிவி நான் வாங்கியது என்று சொல்லிச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு போனதும், நீ இப்போது போனில்தான் படம் பார்க்கிறாய் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கோடு ஏன் நின்றது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் கத்தினேன் கைசா. இரண்டு மாசமா ஒரே வீட்டுல இருந்துகிட்டு, நான் கெடந்து தவிக்கறதப் பாத்துகிட்டு வாயத் தெறக்கலயே நீ என்றேன். அவள், "அவ கெஞ்சிக் கேட்டா ஆர்விட். அப்பா நெஞ்சுக்கு இது ஆகாதும்மா, சொல்லாதேன்னு அழுதா. நான் என்ன செய்யட்டும்? நீங்க கோட்டப் பாத்துத் தெரிஞ்சுக்குவீங்கன்னு நான் கண்டேனா?" என்று கேட்டாள். குளிர்ச்சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

போக இடம் இல்லை, வெர்ன் வீட்டுக்குத்தான் போனேன். அவன் இருநூறு சேனலையும் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே கேட்டான். எல்லாவற்றையும் சொன்னேன், முகம், கோடு, பதினொன்று, பொய். கேலி செய்வான் என்று காத்திருந்தேன். அவன் டிவியின் சத்தத்தை நிறுத்திவிட்டு, "எம்மக எங்கிட்டப் பேசி ரெண்டு வருஷமாகுதுடா. ஒரெகான்ல இருக்காளா, வேற எங்கயாவது போயிட்டாளான்னுகூடத் தெரியாது. ஒனக்காவது ஒரு கோடு நகருது" என்றான். இருபத்தாறு வருஷம் பக்கத்து வீடு. அந்தப் பெண் பேசுவதில்லை என்று எனக்குத் தெரியாது. மகள் எப்படி இருக்கிறாள் என்று நானும் கேட்டதில்லை, பனியும் ஹாக்கியும்தான் பேசியிருக்கிறோம். வெளியே வரும்போது அவன் தோளில் கை வைத்தேன்.

வீட்டுக்கு நடந்து வருகிற அந்த நாற்பது அடியில்தான் ஒன்று எனக்கு உறைத்தது. அக்டோபரில் என் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தபோது, அவளுக்குச் சொல்லாதே, பயந்துபோய் விமானம் ஏறி வந்துவிடுவாள் என்று அம்மாவின் வாயைக் கட்டினவன் யார்? நான்தானே. இரண்டு வாரம் கழித்து அம்மா வாய் தவறிச் சொல்லி உனக்குத் தெரிந்தபோது, "அப்போ நான் உங்களுக்கு யாருப்பா?" என்று கேட்டாய். அப்போதும் நான் வானிலைக்குப் போய்விட்டேன். இந்த வீட்டில் மறைத்துப் பழக்கியதே நான்தான், நீ என்னைப் பார்த்துத்தான் கற்றிருக்கிறாய். அம்மா பாவம், முதலில் உன்னிடமிருந்து என்னை மறைத்தாள், பிறகு என்னிடமிருந்து உன்னை மறைத்தாள். உள்ளே போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள், "மொதல்ல குளிர்ச்சட்டையக் கழட்டுங்க, பனி சொட்டுது" என்றாள், அப்புறம்தான் அழுதாள்.

ஆகவே உன்னிடமும் கேட்கிறேன். உன் பக்கத்தில் படம் பார்த்தது நான்தான், கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னதும் நான்தான், என்னை மன்னித்துவிடு. இந்தப் பத்து நாளாக உன் முகத்தை அழுத்தவில்லை. கை போகிறது, அடக்கிக்கொள்கிறேன். அதற்குப் பூட்டு எண் போடலாமாம், வெர்ன்தான் எங்கோ கேட்டு வந்து சொன்னான், உனக்கு வேண்டுமென்றால் போட்டுக்கொள், நான் வருத்தப்பட மாட்டேன். ரோரி விஷயத்தில் யார் மேல் தப்பு என்று நான் கேட்கப் போவதில்லை. அவன் எனக்குப் பனிக்காலணி அனுப்பியவன், நல்ல பையன் என்றுதான் நினைத்தேன், டிவியைக் கழற்றிக்கொண்டு போவான் என்று நினைக்கவில்லை. நீ அந்த வீட்டில் தனியாக இருக்கிறாய் என்பது மட்டும்தான் என்னை உட்கார விடாமல் அடிக்கிறது. என் நெஞ்சைப் பற்றி நீ பயப்படாதே. அதில் வைத்த கம்பி தாங்கும், டாக்டர் சொல்லியிருக்கிறார். தெரியாமல் இருப்பதுதான் அதற்குத் தாங்கவில்லை.

இன்னொன்று. நேற்று தபால் நிலையத்துக்குப் போய் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், எனக்கும் அம்மாவுக்கும். எழுபத்திரண்டு வயது வரைக்கும் அக்கரை கனடாவைத் தவிர வேறு எந்த நாட்டு மண்ணையும் மிதிக்காதவன். படம் எடுத்த பெண் சிரிக்கக் கூடாது என்றாள், எனக்கு அது கஷ்டமாக இல்லை. அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, ஆடு திருடி மாட்டிக்கிட்டவன் மாதிரி இருக்கீங்க என்றாள். வர ஆறு வாரம் ஆகுமாம். மே மாதம் அங்கே குளிர் தொடங்கிவிடும் என்று படித்தேன், குளிர் எங்களுக்கு ஒன்றும் புதிதில்லை. ஒரு மாதம் இருப்போம். அம்மா சமைப்பாள், நான் வீட்டில் ஒழுகுவது, ஆடுவது, கதவு இடிப்பது எல்லாவற்றையும் பார்த்துத் தருவேன். நீ வேலை முடிந்து வரும்போது விளக்கு எரியும், வேறொன்றும் கேட்க மாட்டோம். எங்களைப் பார்க்கிற நிலையில் இப்போது நீ இல்லை, வர வேண்டாம் என்றால் அப்படியே சொல், நான் கேட்டுக்கொள்வேன். ஆனால் அதை என்னிடம் சொல். அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அப்பாவைக் கூப்பிடும்மா என்று கேள். நான் வானிலைக்குப் போனால், நிறுத்துங்கப்பா என்று அதட்டு.

ஆண்டவர் உன் போக்கிலும் வரவிலும் உன்னோடு இருந்து, உன் வீட்டில் ஒரு குறையும் இல்லாமல் காத்துக்கொள்ளட்டும். எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. இரவு வேலை முடிந்து வரும்போது காரின் பெட்ரோல் பாதிக்குக் கீழே போக விடாதே, பின் டயர்களின் காற்றைப் பார்த்துக்கொள், தனியாக ஓட்டுகிறாய்.

அங்கே வந்து சேரும்வரை உட்காராத உன் அப்பா,
ஆர்விட் கெஸ்டிலா